இன்னொரு துண்டு ரொட்டி

பள்ளிப் படிப்பு முடிந்த கையோடு பிள்ளையை வெளிநாட்டுக்கு அனுப்பப்போகிறவர்கள் ஒரே கேள்வியை விதவிதமாகக் கேட்பார்கள். "வீட்டுக்கு யாராவது வந்தால் உள்ளே போய் ஒளிந்துகொள்கிறான். ஹோட்டலில் சர்வரைக் கூப்பிட்டு இன்னும் கொஞ்சம் சட்னி கேட்கமாட்டான். நாலு ஊர் பார்த்தால் சரியாகிவிடுமா?" ஆகும், ஆகாது என்று ஒரு வார்த்தையில் சொல்லிவிட்டு எழுந்து போகலாம்தான். எனக்கு அதில் திருப்தி இல்லை. உட்காருங்கள், டீ வரட்டும். அதுவரைக்கும் ஒரு பையனைப் பற்றிச் சொல்கிறேன். உங்களுக்குத் தெரிந்த பையன்தான். ரொம்பவும் தெரிந்தவன் என்பதாலேயே நாம் யாரும் அவனை நின்று பார்ப்பதில்லை.

பெயர் மோகன்தாஸ். 1888 செப்டம்பர் 4ஆம் தேதி பம்பாயில் கப்பல் ஏறினான். பத்தொன்பது முடிய இன்னும் ஒரு மாதம் இருந்தது. அந்த வயதில் அவர் நமக்கெல்லாம் பையன்தானே, அதனால் 'அவன்' என்றே சொல்கிறேன். தாத்தா கோபித்துக்கொள்ளமாட்டார்.

அப்பா காலமாகி மூன்று வருடம். பவநகர் கல்லூரியில் சேர்ந்தவன் ஒரு பருவம் தாக்குப்பிடித்தான், அதற்குமேல் முடியவில்லை. குடும்ப நண்பர் ஒருவர், இங்கே பி.ஏ. படித்துக்கொண்டிருப்பதைவிட லண்டனுக்குப் போனால் மூன்று வருடத்தில் பாரிஸ்டர் ஆகிவிடலாம், நாலைந்தாயிரம் ரூபாயில் முடிந்துவிடும் என்றார். அண்ணன் பணம் புரட்டினார். அம்மா புத்லிபாய் மட்டும் தயங்கினாள். கடைசியில் ஒரு ஜைனத் துறவியின் முன்னால் மது, மாது, மாமிசம் மூன்றையும் தொடுவதில்லை என்று மகன் வாக்குக் கொடுத்த பிறகுதான் சம்மதித்தாள். பதின்மூன்று வயதில் கல்யாணம் ஆனவன். கிளம்பும்போது கைக்குழந்தை வேறு.

புறப்படுவதற்கு முந்தைய நாட்களில் நடந்த இரண்டு சம்பவங்களைக் கொஞ்சம் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

முதலாவது ராஜ்கோட்டில். அவன் படித்த பள்ளியில் வழியனுப்பு விழா. நன்றி சொல்ல நாலு வரி எழுதிக்கொண்டு போயிருந்தான். எழுதியதைப் பார்த்துப் படிக்கவேண்டும், அவ்வளவே. தலை சுற்றியது, உடம்பெல்லாம் நடுங்கியது. தட்டுத்தடுமாறி எப்படியோ முடித்தான்.

இரண்டாவது பம்பாயில். அவனுடைய மோத் பனியா சாதியில் அதுவரை யாரும் இங்கிலாந்து போனதில்லை. ஊரார் கூடி இவனை வரச்சொன்னார்கள். சாதித் தலைவர் தூரத்து உறவு, அப்பாவுக்கு வேண்டியவரும்கூட. கடல் தாண்டுவது நம் தர்மத்துக்கு விரோதம், அங்கே போனால் குடியும் கறியும் ஒட்டிக்கொள்ளும், போகாதே என்றார். பையன் எழுந்து நின்றான். படிக்கப் போகிறேன், நீங்கள் பயப்படுகிற மூன்றையும் தொடமாட்டேன் என்று அம்மாவுக்கு வாக்குக் கொடுத்திருக்கிறேன், இந்த விஷயத்தில் சாதி தலையிடுவது சரியில்லை என்று நிதானமாகச் சொன்னான். தலைவருக்குக் கோபம் வந்து திட்டினார். இவன் அசையவில்லை. அன்றிலிருந்து அவன் சாதிக்கு வெளியே. யாராவது உதவினாலோ, துறைமுகத்துக்குப் போய் வழியனுப்பினாலோ ஒரு ரூபாய் நாலணா அபராதம். கப்பல் கட்டணத்துக்கென்று ஒப்படைத்திருந்த பணத்தைத் தர மைத்துனர்கூட மறுத்துவிட, நண்பர் ஒருவரிடம் கடன் வாங்கித்தான் டிக்கெட் எடுக்க முடிந்தது.

தன்மேல் அன்பு வைத்த வாத்தியார்கள், கூடப்படித்த பையன்கள் முன்னால் நாலு வரி படிக்க முடியாதவன், கோபமாக உட்கார்ந்திருந்த ஒரு சபை முன்னால் தடுமாறாமல் நின்றிருக்கிறான். இது எப்படி? கூச்சம் என்பது பயந்தாங்கொள்ளித்தனம் என்று நினைத்தால் இதற்குப் பதில் கிடைக்காது. எனக்குப் படுவது இது: தன்னைக் காட்டிக்கொள்ளவேண்டிய இடத்திலும், தனக்கென்று ஒன்று கேட்கவேண்டிய இடத்திலும்தான் அவனுக்கு வாய் அடைத்துப்போகிறது. காப்பாற்றவேண்டிய ஒன்று தன்னைவிடப் பெரிதாக முன்னால் நிற்கும்போது அடைப்பதில்லை. அடுத்த மூன்று வருடத்தில் அவனுக்கு நடந்தது எல்லாவற்றையும் இந்த ஒரு சாவியால் திறந்து பார்க்கலாம்.

கப்பலில் இரண்டாம் வகுப்பு. கூட வந்த ஜுனாகட் வக்கீல் மஜும்தாரைத் தவிர எல்லோரும் ஆங்கிலேயர்கள். ஆங்கிலத்தில் யாராவது பேசினால் பாதி புரியாது. புரிந்ததற்கும் வாக்கியத்தை மனதுக்குள் கட்டி முடிப்பதற்குள் எதிராளி போய்விடுவார். சாப்பாட்டு மேசையில் முள்கரண்டியைப் பிடிக்கத் தெரியாது. எதில் கறி இல்லை என்று கேட்கத் தைரியமும் கிடையாது. அதனால் மேசைப் பக்கமே போகவில்லை. வீட்டிலிருந்து கட்டிக்கொடுத்த இனிப்பையும் பழத்தையும் அறைக்குள்ளேயே தின்று நாளை ஓட்டினான். மஜும்தார் எல்லோரோடும் கலகலவென்று பழகுகிறவர். வக்கீலாகப் போகிறவனுக்கு நாக்கு நீளமாக இருக்கவேண்டும், தப்பும் தவறுமாகவாவது பேசு என்று சொல்லிச் சொல்லி அலுத்துப்போனார்.

செப்டம்பர் கடைசியில் ஒரு சனிக்கிழமை இங்கிலாந்தில் இறங்கினான். இறங்கும்போது நன்றாக இருக்கவேண்டும் என்று நண்பர்கள் தைத்துக்கொடுத்த வெள்ளைப் பிளானல் உடுப்பை அதுவரை பத்திரப்படுத்தி வைத்திருந்தான். கரையில் பார்த்தால் வெள்ளை போட்ட ஆள் இவன் ஒருவன்தான். மாற்றிக்கொள்ளலாம் என்றால் பெட்டி, சாவி எல்லாம் சரக்கு ஏஜெண்டு கையில் போய்விட்டது. மறுநாள் ஞாயிறு, கிடைக்காது. எல்லோர் கண்ணும் தன் மேல்தான் என்று சும்மா இருக்கும்போதே நினைக்கிற சுபாவம் உள்ளவனுக்கு இரண்டு நாள் முழுக்க வெள்ளை உடுப்பு என்றால் எப்படி இருந்திருக்கும்!

விக்டோரியா ஹோட்டலில் ஓர் அறைக்குள் கூட்டிப்போனார்கள். கதவைச் சாத்தினார்கள். கொஞ்ச நேரம் உட்காரவேண்டிய அறை போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டான். கதவு திறந்தபோது இரண்டாவது மாடியில் நின்றான். லிப்ட் என்ற ஒன்றை அவன் அதுவரை பார்த்ததில்லை. அன்று சாயங்காலம், லண்டனில் ஏற்கெனவே இருந்த டாக்டர் பிராண்ஜீவன் மேத்தா என்பவர் பார்க்க வந்தார். அவர் கழற்றி வைத்த பட்டுத் தொப்பியின் மென்மயிர் பளபளப்பாக இருக்க, பையன் அதைக் கையால் தடவிப் பார்த்தான். தடவியது எதிர்ப்பக்கமாக, மயிரெல்லாம் குத்திட்டு நின்றுவிட்டது. மேத்தா தொப்பியை வாங்கிக்கொண்டு முதல் பாடத்தைத் தொடங்கினார்: அடுத்தவர் பொருளைத் தொடாதே, பார்த்ததும் நம்மூரில் கேட்கிற கேள்விகளைக் கேட்காதே, சத்தமாகப் பேசாதே. வாயைத் திறப்பதே கஷ்டமாக இருந்தவனுக்குத் திறக்காமல் இருக்க இத்தனை காரணங்கள் சேர்ந்தன. ஹோட்டல் பில் மூன்று பவுண்டு வந்தது. அத்தனை பணத்துக்கும் அவன் சாப்பிட்டது ஏறக்குறைய ஒன்றுமில்லை.

சாப்பாட்டைப் பற்றி இங்கே கொஞ்சம் நிறுத்திச் சொல்லவேண்டும், கதையே அதில்தான் இருக்கிறது. ரிச்மண்டில் ஒரு நண்பரோடு தங்கியிருந்தபோது காலையில் ஓட்ஸ் கஞ்சி, அது வயிற்றை ஒருமாதிரி நிரப்பியது. மத்தியானமும் ராத்திரியும் கீரை, ரொட்டி, ஜாம். நல்ல பசிக்காரன் அவன். ஆனால் இரண்டு மூன்று துண்டுக்கு மேல் ரொட்டி கேட்பது மரியாதையில்லை என்று எண்ணிக்கொண்டு பட்டினி கிடந்தான். பிறகு மேற்கு கென்சிங்டனில் ஒரு விதவை அம்மாள் வீட்டுக்குக் குடிபோனான். சாப்பாடு பிடித்திருக்கிறதா என்று அந்த அம்மாள் தினமும் கேட்பாள். உப்பும் காரமும் இல்லாத வேகவைத்த காயைப் பற்றி என்னவென்று சொல்வான்? அவளுடைய இரண்டு பெண்களும் இரக்கப்பட்டு, வேண்டாம் வேண்டாம் என்றாலும் கேளாமல் தட்டில் இன்னொரு துண்டு வைப்பார்கள். அவனுக்குத் தேவைப்பட்டதோ ஒரு முழு ரொட்டி. கேட்டால் கொடுத்திருப்பார்கள், அவன் கேட்கவில்லை.

வாய்விட்டுக் கேட்கமுடியாதவனுக்கு மிச்சம் இருந்தது கால்தான். மரக்கறிச் சாப்பாட்டுக் கடைகள் நகரத்தில் இருப்பதாக அந்த அம்மாள் சொல்லியிருந்தாள். அவன் தேடிக் கிளம்பினான். ஒரு நாளைக்குப் பத்து, பன்னிரண்டு மைல் நடப்பான். மலிவான கடை ஏதாவது கண்ணில் பட்டால் நுழைந்து வயிறு முட்ட ரொட்டி தின்பான். காசு கொடுத்து வாங்கும்போது யாரிடமும் கெஞ்சவேண்டியதில்லையே. அப்படி அலைந்ததில் ஒருநாள் பேரிங்டன் தெருவில் அந்தக் கடை கண்ணில் பட்டது. வாசல் பக்கத்துக் கண்ணாடிக்குப் பின்னால் விற்பனைக்குப் புத்தகங்கள். அவற்றில் ஹென்றி சால்ட் மரக்கறி உணவுக்காக வாதாடி எழுதிய சிறு நூலை ஒரு ஷில்லிங் கொடுத்து வாங்கிக்கொண்டு நேரே சாப்பாட்டு அறைக்குப் போனான். இங்கிலாந்தில் கால் வைத்த பிறகு அன்றுதான் வயிறார உண்டான்.

இதற்குப் பிறகு நடந்ததைக் கவனியுங்கள். அதுவரை அம்மாவுக்குக் கொடுத்த வாக்குக்காகத்தான் கறியைத் தொடாமல் இருந்தான். இந்தியர்கள் எல்லோரும் இறைச்சி தின்று பலசாலிகளானால்தான் வெள்ளைக்காரனை விரட்டலாம், அதற்கான காலம் வரட்டும் என்று உள்ளுக்குள் ஓர் எண்ணமும் இருந்தது. சால்ட்டைப் படித்த பிறகு மரக்கறி அவனே தேர்ந்துகொண்ட கொள்கையாகிவிட்டது. சொந்தமாக ஒரு கொள்கை வந்துவிட்டால் அதோடு ஆட்களும் வந்துவிடுவார்கள், அது எப்படி என்று பின்னால் வருகிறேன்.

முதலில் ஒரு தடுமாற்றம். இவன் இப்படிப் புத்தகம் படித்துப் பைத்தியமாகிவிடுவான் என்று கவலைப்பட்ட நண்பர் ஒருவர், நாடகத்துக்குக் கூட்டிப்போவதாகச் சொல்லி, அதற்கு முன் ஹால்பர்ன் என்ற பெரிய உணவகத்தில் விருந்துக்கு அழைத்தார். அந்த மாதிரி இடத்தில் கூச்சப்பட்டுக்கொண்டு வைத்ததைத் தின்றுவிடுவான் என்பது அவர் கணக்கு. சூப் வந்தது. எதில் செய்தது என்று நண்பரிடம் கேட்கத் தயக்கம், அதனால் பரிமாறுகிறவரைக் கைகாட்டிக் கூப்பிட்டான். நண்பருக்குக் கோபம். நாலு பேர் நடுவில் நடந்துகொள்ளத் தெரியாவிட்டால் வெளியே போய் வேறு எங்காவது சாப்பிட்டுவிட்டுக் காத்திரு என்றார். அவன் எழுந்து போனான். பக்கத்திலிருந்த மரக்கறி உணவகம் மூடியிருந்தது. பட்டினியோடு நாடகம் பார்த்தான். பாருங்கள், வயிற்றுக்கென்று இன்னொரு துண்டு ரொட்டி கேட்காதவன், வாக்குக்கென்று வந்தபோது லண்டனின் ஆடம்பர உணவகத்தில், ஊரே பார்க்க, சர்வரைக் கூப்பிட்டிருக்கிறான்.

ஆனாலும் நண்பர் சொன்னது சுட்டது. கறி விஷயத்தில் விட்டுக்கொடுக்க முடியாது, மற்ற எல்லாவற்றிலும் கனவானாகிக் காட்டுகிறேன் என்று தீர்மானித்தான். கூச்சமுள்ள பிள்ளைகள் அநேகமாக எல்லோரும் ஒரு தடவையாவது நுழைந்து பார்க்கிற சந்து இது: கூச்சமில்லாதவர்களைப் போல வேஷம் போட்டால் கூச்சம் போய்விடும் என்ற நினைப்பு. பத்தொன்பது ஷில்லிங்குக்கு உயரமான தொப்பி வாங்கினான். பாண்டு தெருவில் பத்து பவுண்டுக்கு மாலை உடுப்பு தைத்தான். அண்ணனுக்கு எழுதி இரட்டை வடத் தங்கச் சங்கிலி வரவழைத்தான், கடிகாரத்துக்கு. தினமும் கண்ணாடி முன்னால் பத்து நிமிடம் நின்று தலைவாரி, டை கட்டினான். நாட்டியப் பள்ளிக்கு மூன்று பவுண்டு கட்டி ஆறு பாடம் போனான், பியானோ ஒரு பக்கம் போக இவன் கால் வேறு பக்கம் போயிற்று. மேல்நாட்டு இசை காதில் ஏறினால் கால் தானாக வரும் என்று மூன்று பவுண்டுக்கு வயலின் வாங்கினான். பேச்சுக் கலை கற்க ஓர் ஆசிரியருக்கு ஒரு கினி.

மூன்று மாதம் இந்தக் கூத்து நடந்தது. பிறகு தானே விழித்துக்கொண்டான். வாழ்நாளெல்லாம் இங்கிலாந்திலா இருக்கப்போகிறேன், பேச்சுக் கலை கற்று என்ன ஆகப்போகிறது, படிக்க வந்த மாணவன்தானே என்று. அதிலிருந்து வெளியே வந்த விதம்தான் எனக்கு ரொம்பப் பிடித்தது. பேச்சு ஆசிரியருக்கு மன்னிப்புக் கேட்டு ஒரு கடிதம். நாட்டிய ஆசிரியருக்கும் ஒரு கடிதம். வயலின் கற்றுக்கொடுத்த அம்மாள் மட்டும் கொஞ்சம் அன்பாகப் பழகியவள், அவளிடம் நேரில் போய், வந்த விலைக்கு இதை விற்றுத்தாருங்கள் என்று சொன்னான். தைரியமாகப் பேசக் கற்றுத்தருகிறவரிடமே பேசமுடியாமல் தபாலில் விலகியிருக்கிறான்!

வேஷம் கலைந்த இடத்தில் கணக்கு வந்து உட்கார்ந்தது. பஸ் கட்டணம், தபால் தலை, பத்திரிகைக்குக் கொடுத்த சில்லறை வரைக்கும் எழுதி, தூங்கப்போவதற்கு முன் மிச்சத்தைச் சரிபார்ப்பான். இரண்டு அறையிலிருந்து ஓர் அறைக்கு மாறினான், அடுப்பு ஒன்று வாங்கினான். காலையில் தானே கிண்டிய ஓட்ஸ் கஞ்சி, ராத்திரி ரொட்டியும் கோகோவும், மத்தியானம் மட்டும் வெளியே. சாப்பாட்டுச் செலவு ஒரு நாளைக்கு ஒரு ஷில்லிங் மூன்று பென்ஸ். பஸ் ஏறுவதற்குப் பதில் எட்டு, பத்து மைல் நடை. அயல்நாட்டில் பிள்ளைகள் வளர்வதென்றால் பெரிய பெரிய அனுபவங்களால் என்று நினைக்கிறோம். பெரும்பாலும் இப்படித்தான், ராத்திரி தனியாக உட்கார்ந்து சில்லறையை எண்ணும்போது வளர்கிறார்கள்.

படிப்பைப் பற்றி இரண்டு வார்த்தை, அதில் வேடிக்கையே அதிகம். பாரிஸ்டர் ஆகப் பரீட்சை மட்டும் போதாது, பன்னிரண்டு பருவம் முடிக்கவேண்டும். பருவம் முடிப்பதென்றால் வகுப்புக்குப் போவதில்லை, விருந்துக்குப் போவது. ஒவ்வொரு பருவத்திலும் நடக்கும் சுமார் 24 விருந்துகளில் குறைந்தது ஆறிலாவது தலையைக் காட்டவேண்டும். இன்னர் டெம்பிள் விருந்து மண்டபத்தில் மேசைக்கு நாலு மாணவர்கள், இரண்டு பாட்டில் ஒயின். இவன் குடிக்கமாட்டான், ஆகவே இரண்டு பாட்டிலும் மூன்று பேருக்கு. இந்தக் கணக்குத் தெரிந்தவுடன் இவனைத் தங்கள் மேசைக்குப் பிடித்துக்கொள்ளப் போட்டி. யாரும் சீண்டமாட்டார்கள் என்று பயந்துகொண்டு வந்த பையன், குடிக்காத ஒரே காரணத்தால் எல்லோருக்கும் வேண்டியவனாகிவிட்டான்.

ஆட்கள் வந்தார்கள் என்றேனே, அதற்கு வருகிறேன். லண்டன் மரக்கறிச் சங்கத்தில் சேர்ந்தவன் 1890இல் அதன் நிர்வாகக் குழுவில் இடம்பெற்றான். குடியிருந்த பேஸ்வாட்டர் பகுதியில் சொந்தமாக ஒரு மரக்கறி மன்றமே தொடங்கினான். தலைவர் டாக்டர் ஓல்ட்பீல்ட். கீதையை ஆங்கிலத்தில் தந்த சர் எட்வின் அர்னால்ட் அதே பகுதியில் வசித்தார், அவரைத் துணைத்தலைவராக இருக்கக் கேட்டான். செயலாளர் தானே. மன்றம் சில மாதம்தான் ஓடியது. அது முக்கியமில்லை. ஒரு துண்டு ரொட்டி கேட்காதவன் ஊர் அறிந்த ஒரு பெரிய மனிதரிடம் போய்க் கேட்டிருக்கிறான், அதுதான் முக்கியம்.

அப்படியானால் கூச்சம் போயிற்றா? எங்கே போயிற்று! நிர்வாகக் குழுக் கூட்டம் எதையும் தவறவிடமாட்டான், வாயையும் திறக்கமாட்டான். என்னோடு நன்றாகத்தானே பேசுகிறாய், கூட்டத்தில் மட்டும் ஏன் வேலைசெய்யாத ஆண் தேனீ மாதிரி உட்கார்ந்திருக்கிறாய் என்று ஓல்ட்பீல்ட் கேலி செய்தார். இவனுக்குச் சொல்ல இல்லாமல் இல்லை. சொல்லலாம் என்று துணியும்போது பேச்சு அடுத்த விஷயத்துக்குப் போயிருக்கும். இந்த அவஸ்தையை அனுபவித்தவர்கள் இதைப் படிக்கிறவர்களில் நிறையப் பேர் இருப்பீர்கள்.

அந்தக் குழுவில்தான் ஒரு சச்சரவு வந்தது. சங்கத்தின் தலைவர் ஹில்ஸ், தேம்ஸ் இரும்பு ஆலையின் முதலாளி, சங்கத்துக்குப் பணம் கொடுத்துத் தாங்கியவர். குழு உறுப்பினர் டாக்டர் அலின்சன் கருத்தடை முறைகளை ஆதரித்துப் பேசிவந்தார். ஒழுக்கத்துக்கு விரோதமானவரைச் சங்கத்தில் வைத்திருக்கக்கூடாது என்று ஹில்ஸ் தீர்மானம் கொண்டுவந்தார். பையனுக்கு அலின்சன் கருத்து உடன்பாடில்லை, ஹில்ஸ் மீது பெரும் மரியாதை. ஆனாலும் மரக்கறியைப் பரப்பச் சேர்ந்த சங்கத்துக்கும் ஓர் உறுப்பினரின் மற்ற அபிப்பிராயங்களுக்கும் என்ன சம்பந்தம் என்று தோன்றியது. பேசமுடியாது என்று தெரியும், எழுதிக்கொண்டு போனான். கூட்டத்தில் அதைப் படிக்கவும் வாய் வரவில்லை. வேறொருவரைப் படிக்கச் சொன்னார்கள். அலின்சன் தோற்றார், இவன் கட்சியும் தோற்றது.

எனக்கு இதில் பெரியதாகத் தெரிவது அவன் பேசவில்லை என்பதல்ல. பேசமுடியாது என்பதை ஒரு தடையாக வைத்துக்கொள்ளாமல் ஏற்பாடு ஒன்று செய்துகொண்டு போனான் என்பதுதான். 1891 பிப்ரவரியிலிருந்து அதே சங்கத்தாரின் வாரப் பத்திரிகையில் இந்திய மரக்கறிக்காரர்களைப் பற்றித் தொடர் கட்டுரை எழுதினான். நாக்கு மறுத்ததைப் பேனா செய்தது. பிற்காலத்தில் பத்திரிகை பத்திரிகையாக நடத்தியவரின் முதல் அச்சுக் கட்டுரைகள் அவை.

இன்னும் ஒரு கடிதம் இருக்கிறது. வந்த முதல் வருடம் பிரைட்டனில் ஓர் ஓட்டலில் உணவுப் பட்டியல் பிரெஞ்சில் இருக்க, பையன் விழிப்பதைப் பார்த்து மூதாட்டி ஒருவர் உதவினார். லண்டனில் ஞாயிறுதோறும் தன் வீட்டுக்குச் சாப்பிட வரச்சொன்னார். அங்கே ஒரு பெண்ணிடம் இவனைப் பேசவிட்டுத் தனியாக விட்டுப்போவார். கல்யாணப் பேச்சை நோக்கிக் காய் நகர்கிறது என்று பையனுக்குப் புரிய நாளாயிற்று. அந்தக் காலத்தில் கல்யாணமான இந்திய மாணவர்கள் வெட்கப்பட்டு அதை மறைப்பது வழக்கம், இவனும் மறைத்திருந்தான். திருத்தித் திருத்தி ஒரு கடிதம் எழுதினான்: எனக்குக் கல்யாணமாகி ஒரு மகனும் இருக்கிறான், முன்பே சொல்லாததற்கு மன்னியுங்கள், இனியும் வரலாம் என்றால் வருகிறேன். மூதாட்டி விழுந்து விழுந்து சிரித்துவிட்டு, வழக்கம்போல் ஞாயிற்றுக்கிழமை வா என்று பதில் போட்டார்.

வென்ட்னர் என்ற கடற்கரை ஊரில் நடந்ததும் கேட்கவேண்டியது. தங்கியிருந்த வீட்டுக்காரரின் மகள், இருபத்தைந்து வயதுக்காரி, பக்கத்துக் குன்றுகளைக் காட்டக் கூட்டிப்போனாள். நடையில் இவன் சளைத்தவன் இல்லை, அவள் அதற்கு மேல். வழியெல்லாம் அவள் பேச, இவன் ஆமாம், இல்லை என்று முணுமுணுத்துக்கொண்டே பின்னால் போனான். திரும்பும்போது அவள் குதிகால் உயர்ந்த செருப்போடு அம்பு மாதிரிச் சரிவில் இறங்கிவிட்டாள். இவன் உச்சியில் நின்றான். கீழேயிருந்து சிரித்துக்கொண்டே, வந்து இழுத்துக்கொண்டு போகட்டுமா என்றாள். உட்கார்ந்தும் தவழ்ந்தும் ஒருவழியாக வந்து சேர்ந்தவனைப் பார்த்து, சபாஷ் என்று உரக்கச் சிரித்தாள். அதே ஊரில் ஒரு மரக்கறிக் கூட்டத்தில் ஒரு தாள் அளவு எழுதிய உரையைப் படிக்க எழுந்தான். கண் இருண்டது, கை நடுங்கியது. மஜும்தார்தான் வாங்கிப் படித்து முடித்தார்.

1891 ஜூனில் ஊர் திரும்பும் நேரம். மரக்கறி நண்பர்களுக்கு ஒரு பிரிவு விருந்து கொடுக்க நினைத்தான். மரக்கறி உணவகத்தில் மரக்கறி விருந்து என்ன அதிசயம், கறி சமைக்கிற இடத்தில் நடத்தினால் என்ன என்று யோசித்து ஹால்பர்னைத் தேர்ந்தெடுத்தான். ஆமாம், சூப்பைப் பற்றிக் கேட்டதற்காக மேசையை விட்டு எழுந்து போகவேண்டிவந்த அதே உணவகம். மேனேஜரைப் போய்ப் பார்த்து, ஒரு துளி இறைச்சி கலக்காத முழு விருந்துக்கு ஏற்பாடு செய்தான்.

விருந்து அமர்க்களமாக நடந்தது. பேச்சு? அடிசன் என்ற கூச்ச சுபாவி நாடாளுமன்றத்தில் எழுந்து, முதல் வார்த்தைகளையே மூன்று தடவை சொல்லிவிட்டு மேலே போகமுடியாமல் உட்கார்ந்த கதையை வைத்து நகைச்சுவையாகத் தொடங்கலாம் என்று மனப்பாடம் செய்துகொண்டு போயிருந்தான். முதல் வரியோடு நினைவு நின்றுவிட்டது. வந்ததற்கு நன்றி என்று சொல்லி உட்கார்ந்துவிட்டதாக 'சத்திய சோதனை'யில் எழுதுகிறார். ஆனால் சங்கத்தாரின் பத்திரிகை அந்தப் பேச்சை நயமான பேச்சு, சற்றுப் பதற்றம் தெரிந்தது என்று எழுதியிருக்கிறது. எனக்கென்னவோ பத்திரிகையைத்தான் நம்பத் தோன்றுகிறது. கூச்சக்காரர்கள் தங்கள் பேச்சுக்குத் தாங்களே போடுகிற மதிப்பெண்ணை யாரும் அப்படியே ஏற்றுக்கொள்ளக்கூடாது.

ஜூன் 10ஆம் தேதி பாரிஸ்டர் ஆனான், 12ஆம் தேதி கப்பல் ஏறினான். பம்பாயில் இறங்கிய பிறகுதான் அம்மா இறந்துபோன செய்தியை அண்ணன் சொன்னார். படிப்பு கெடக்கூடாது என்று மறைத்து வைத்திருந்தார்.

மூன்று வருட லண்டன் வாசத்தின் பலன் என்ன என்று பம்பாய் சிறு வழக்கு நீதிமன்றத்தில் பார்த்தவர்கள் உதட்டைப் பிதுக்கியிருப்பார்கள். மமிபாய் என்ற பெண்ணின் வழக்கு, முப்பது ரூபாய் பீஸ். குறுக்கு விசாரணைக்கு எழுந்தவனுக்கு ஒரு கேள்விகூட வரவில்லை. உட்கார்ந்துவிட்டு, வேறு வக்கீலை வையுங்கள் என்று பீஸைத் திருப்பித் தந்து, வழக்கு ஜெயித்ததா தோற்றதா என்றுகூடப் பார்க்காமல் வெளியேறினான். ஐம்பத்தொரு ரூபாய் வாங்கிக்கொண்டு இன்னொருவர் அந்த வழக்கை நடத்தினார்.

இதைச் சொன்னால் பெற்றோர்கள் முகம் வாடிவிடுகிறது. ஆனால் மமிபாய் வழக்கில் அவன் முன்னால் இருந்தது பிழைப்பு. இரண்டு வருடம் கழித்து, 1893இல், ஒரு வழக்கு வேலையாகத் தென்னாப்பிரிக்காவின் பிரிட்டோரியாவுக்குப் போயிருந்தபோது, அங்குள்ள இந்தியர்களைக் கூட்டி ஒரு கூட்டம் நடந்தது. பெரும்பாலும் மேமன் வியாபாரிகள். இனி 'அவர்' என்றே சொல்லலாம். வியாபாரத்தில் உண்மையாக இருப்பது பற்றியும், ஊரில் இந்தியர்கள் படுகிற சிரமங்களை எடுத்துச்சொல்ல ஒரு சங்கம் வேண்டும் என்பது பற்றியும் தயார் செய்துகொண்டு போய்ப் பேசினார். தன் முதல் பொதுப் பேச்சு அதுதான் என்று அவரே சொல்கிறார். இந்தத் தடவை யாரும் தாளை வாங்கிப் படிக்கவேண்டியிருக்கவில்லை.

கூட்ட முடிவில், ஆங்கிலம் தெரியாதவர்கள் கற்றுக்கொள்ளுங்கள், நான் வந்து சொல்லித்தருகிறேன் என்றார். மூன்று பேர் முன்வந்தார்கள்: ஒரு நாவிதர், ஒரு குமாஸ்தா, ஒரு சில்லறைக் கடைக்காரர். ஆனால் எங்கள் இடத்துக்கு நீங்கள்தான் வரவேண்டும் என்றார்கள். போனார். சில நாள் போய்ச் சேரும்போது அவர்கள் வேலையில் இருப்பார்கள், காத்திருப்பார். எட்டு மாதத்தில் இரண்டு பேர் கணக்கு எழுதவும் சாதாரண வியாபாரக் கடிதம் போடவும் கற்றுக்கொண்டார்கள். நாவிதருக்கு அவ்வளவெல்லாம் ஆசையில்லை, வருகிற வாடிக்கைக்காரரிடம் பேசத் தெரிந்தால் போதும் என்றார், அந்த அளவுக்குக் கற்றுக்கொண்டார்.